குளிர்நீரில் முக்குளிக்க வீரம் போதாது... விவரம் வேண்டும்!

"ஏனுங்க டாக்டர், பையன் ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போனான். இப்போ முதுகுல சிலிண்டரைக் கட்டிக்கிட்டு ஐஸ் மாதிரி இருக்கிற கடலுக்குள்ள இறங்கறானாம். உடம்புக்கு ஒண்ணும் ஆகாதுங்களா? சுக்கு, மிளகு போட்டு ஏதாச்சும் பொடி பண்ணிக் குடுங்க... அனுப்பி வைக்கிறோம்!"

உடுமலையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் என்னிடம் வருகிற பெற்றோர் இப்போதெல்லாம் இப்படியும் கேட்கிறார்கள். பனியன் தொழிலால் உலகமே நமக்குப் பக்கத்து ஊராகிவிட்டது. பிள்ளைகள் படிக்கவும் வேலை பார்க்கவும் குளிர் நாடுகளுக்குப் போகிறார்கள். போன இடத்தில் அந்த ஊர்ப் பையன்கள் செய்வதை எல்லாம் இவர்களும் செய்து பார்க்கிறார்கள். அதில் ஒன்றுதான் குளிர்நீர் ஸ்கூபா டைவிங்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். தடுத்தாலும் கேட்க மாட்டார்கள், அது வேறு விஷயம்! ஆனால் "குளிரைத் தாங்குறதுதான் ஆம்பளைத்தனம்" என்ற நம்ம ஊர் எண்ணத்தை மட்டும் அவர்கள் பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள். குளிர்நீரில் ஆபத்தைக் கொண்டு வருவது பெரும்பாலும் அந்த எண்ணம்தான்.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?

நியாயமான கேள்வி. அந்தமானிலோ புதுச்சேரியிலோ வெதுவெதுப்பான கடலில், வண்ண வண்ண மீன்களைப் பார்த்துக்கொண்டு சுகமாக நீந்தலாமே! நடுங்கிக்கொண்டு ஏன் இறங்க வேண்டும்?

குளிர்ந்த நீரில் வேறு ஓர் உலகம் இருக்கிறது. ஐஸ்லாந்தில் சில்ஃப்ரா என்று ஒரு பிளவு. பனிமலை உருகிய நீர், எரிமலைப் பாறைகளுக்குள் பல வருஷம் ஊறி வடிகட்டப்பட்டு அங்கே வந்து சேர்கிறது. வருஷம் முழுக்க 2 முதல் 4 டிகிரி செல்சியஸ்தான். ஆனால் 100 மீட்டருக்கு அப்பால் இருப்பதும் கண்ணுக்குத் தெரியுமாம்! தென்னாப்பிரிக்கா, கலிஃபோர்னியா கரைகளில் மரம் உயரத்துக்குக் கடற்பாசிக் காடுகள் வளர்கின்றன. 'மை ஆக்டோபஸ் டீச்சர்' என்ற ஆவணப்படம் 2021-ல் ஆஸ்கர் வாங்கியதே, அது படமாக்கப்பட்டது இப்படி ஒரு குளிர்ந்த கடற்பாசிக் காட்டில்தான்.

பழைய கப்பல்களும் உண்டு. வெப்பக் கடலில் மரக்கப்பல் மூழ்கினால் கப்பல் புழு அரித்துத் தின்றுவிடும். உப்பு குறைந்த பால்டிக் கடலில் அந்தப் புழு பிழைப்பதில்லை. 1628-ல் மூழ்கிய 'வாசா' என்ற சுவீடன் கப்பலை 1961-ல் கிட்டத்தட்ட முழுசாக மேலே தூக்கினார்கள். அதற்காகக் கப்பலுக்கு அடியில் சேற்றைக் குடைந்து சுரங்கம் போட்டவர்கள், அந்தக் குளிரிலும் இருட்டிலும் வேலை பார்த்த முக்குளிப்பாளர்கள்.

ஆக, ஆசை தப்பில்லை. ஆசைப்படுகிறவருக்கு உடம்பைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

தண்ணீர் திருடும் சூடு

மார்கழிக் காற்றில் சட்டை இல்லாமல் ஒரு மணி நேரம் நிற்பவர், அதே குளிர்ச்சியுள்ள தண்ணீரில் அப்படி நிற்க முடியாது. ஏன்? காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. அசையாமல் இருக்கும் வெற்று உடம்பு சூட்டை இழக்காமல் இருக்க வேண்டுமானால், தண்ணீர் 33 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும். நம் மன்னார் வளைகுடாவே அந்த அளவு சூடு கிடையாது!

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் தூத்துக்குடிக்குப் போவோம். நாங்கள் மருந்தாக்கும் சங்கு பற்பத்துக்கும் முத்து பற்பத்துக்கும் மூலப்பொருள் அந்தக் கடல் கொடுத்ததுதானே! முத்துக்குளிப்பு அங்கே 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. சங்கு குளிப்பவர்களைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். உச்சி வெயிலில், நம்மைப் போன்றவர்களுக்கு இதமாகத் தெரிகிற அந்தக் கடலில் பல தடவை மூழ்கி எழுந்தவர்கள், படகில் ஏறி உட்கார்ந்ததும் உதடு நடுங்குவார்கள். வெதுவெதுப்பான கடலிலேயே இந்தக் கதை என்றால், 5 டிகிரித் தண்ணீரில் என்ன ஆகும்?

முதல் ஒரு நிமிஷம்

"குளிர்ல விறைச்சுச் செத்துட்டாங்க" என்று சொல்கிறோம் அல்லவா? குளிர்நீர் விபத்துகளில் பல உயிர்கள், விறைப்பதற்கு வெகு முன்னாலேயே போய்விடுகின்றன.

தக்க உடை இல்லாமல் குளிர்நீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு ஒரு 'ஹக்' என்று மூச்சை இழுக்கும். நாம் நினைத்தாலும் நிறுத்த முடியாது. அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால், நுரையீரலுக்குள் போவது காற்றல்ல, தண்ணீர். அடுத்து மூச்சு இரைக்கும், நாடி எகிறும், ரத்தக் கொதிப்பு ஏறும். இதைக் 'குளிர் அதிர்ச்சி' என்கிறார்கள். தண்ணீர் 25 டிகிரிக்குக் கீழே போனாலே இது தலைகாட்டத் தொடங்கும். 10 முதல் 15 டிகிரிக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும்.

கனடா நாட்டவர் இதற்கு ஓர் எளிய கணக்கு சொல்லித் தருகிறார்கள். ஒன்று - பத்து - ஒன்று. மூச்சை வசப்படுத்த ஒரு நிமிஷம். கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிஷம். குளிரால் நினைவு தப்ப ஒரு மணி நேரம். பனிக்கட்டி போன்ற தண்ணீருக்கு இது தோராயக் கணக்கு. இதில் கவனிக்க வேண்டியது நடுவில் உள்ள பத்து. நினைவு தெளிவாக இருக்கும், ஆனால் விரல் மடங்காது. எதிரே கயிறு இருந்தாலும் பிடிக்க முடியாது!

இன்னொரு விஷயம். உடம்பில் குளிர் பட்டால் இதயம் வேகமாக ஓடப் பார்க்கும். முகம் தண்ணீரில் முங்கி மூச்சும் நின்றால் இதயம் மெதுவாகப் பார்க்கும். இரண்டு கட்டளையும் ஒரே நேரத்தில் போனால் துடிப்பின் தாளம் தப்பலாம். இதயக் கோளாறு உள்ளவருக்கு இது விளையாட்டுக் காரியமல்ல.

ஜேஜூ தீவுப் பாட்டிகள்

"அப்படியானா குளிர்நாட்டுக்காரங்க மட்டும் எப்படி டாக்டர்?" என்று கேட்பீர்கள்.

தென்கொரியாவில் ஜேஜூ என்று ஒரு தீவு. அங்கே ஹேன்யோ என்ற பெண்கள், சிலிண்டர் எதுவும் இல்லாமல் மூச்சை அடக்கி மூழ்கிச் சிப்பியும் நத்தையும் எடுக்கிறார்கள். இன்றைக்கு அவர்களில் பெரும்பாலோர் பாட்டிமார்கள்! 2016-ல் யுனெஸ்கோ இவர்களின் மரபை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

1970-கள் வரை இவர்கள் பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு, குளிர்காலத்தில் சுமார் 10 டிகிரித் தண்ணீரில் இறங்கினார்கள். விஞ்ஞானிகள் சோதித்தபோது, குளிர்காலத்தில் இவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போதே வழக்கத்தைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகச் சூட்டை உண்டாக்குவது தெரிந்தது. உடம்பு குளிருக்குப் பழகியிருந்தது. பிறகு ரப்பர் உடை வந்தது. சில வருஷங்களில் அந்தச் சக்தி இவர்களிடமிருந்து போய்விட்டது!

இதிலிருந்து என்ன தெரிகிறது? குளிரைத் தாங்குவது பிறவி வீரம் அல்ல, பழக்கம். விட்டால் போய்விடும். நமக்கும் பழக்கம் வரும். ஐந்தாறு முறை, இரண்டு மூன்று நிமிஷம் மட்டும், ஆள் துணையோடு குளிர்நீரில் பழகினால் அந்த முதல் அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அதிர்ச்சிதான் குறையும். உடம்பிலிருந்து சூடு போவது நிற்காது.

அந்தப் பெண்களிடம் நான் மெச்சுவது வேறொன்றை. கரையில் கல்லை வட்டமாக அடுக்கி 'புல்தோக்' என்ற ஓர் இடம் வைத்திருந்தார்கள். நடுவில் தீ. கொஞ்ச நேரம் மூழ்குவது, ஏறி வந்து தீயருகே உட்காருவது. இளையவள் மூத்தவளிடம் பாடம் கேட்பதும் அங்கேதான். குளிரோடு அவர்கள் மல்லுக்கு நிற்கவில்லை. எப்போது இறங்கணும், எப்போது ஏறணும் என்று ஒரு முறை வைத்திருந்தார்கள்.

சூடான கடலில் படித்த பாடம் பாதிதான்!

நம் பிள்ளைகள் சறுக்கக்கூடிய இடம் இது. அந்தமானில் நான்கு நாள் பயிற்சி முடித்து, அட்டையும் வாங்கிவிடுகிறார்கள். "எனக்குத்தான் டைவிங் தெரியுமே!" என்று அதே தைரியத்தில் ஸ்காட்லாந்து ஏரியில் இறங்குகிறார்கள். அங்கே எல்லாமே வேறு.

முதலில் உடை. வெட் சூட் என்ற ரப்பர் உடையில் பொடிப்பொடியாக வாயுக் குமிழிகள் இருக்கும். சூட்டைக் காப்பது அவைதான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகிக் குமிழிகள் நசுங்கும். அதாவது, ஆழம் போகப் போகக் குளிர் கூடும், உடையின் காப்போ குறையும். அதனால்தான் கடும் குளிருக்கு டிரை சூட் என்ற, தண்ணீரே புகாத உடை. உள்ளே காற்று இருக்கும். அந்தக் காற்று கால் பக்கம் ஏறிவிட்டால் ஆளைத் தலைகீழாக மேலே தூக்கிவிடும்! இதற்கெனத் தனிப் பயிற்சி கட்டாயம்.

அந்த உடைக்குள் என்ன போட்டுக்கொள்வது? பனியன் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது... பருத்தி கூடவே கூடாது! நம் வெயிலுக்குப் பருத்தியைப் போல் நல்ல உடை இல்லை. வியர்வையை உறிஞ்சும், உடம்பைக் குளிர்விக்கும். அதே குணம்தான் குளிர்நீரில் எமன். ஈரமான பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளியோ, பாலியஸ்டர் பஞ்சுத் துணியோதான் அங்கே ஏற்றது. பையனுக்கு இங்கிருந்து இரண்டு டஜன் பனியன் அனுப்புகிற அம்மாக்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மூச்சுக் கருவி. சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, சாதாரணக் காற்றுதான், அழுத்தி அடைத்தது. அழுத்தத்திலிருந்து விடுபடும் காற்று சில்லிட்டுப் போகும். 10 டிகிரிக்குக் கீழான நீரில் அந்தச் சில்லிப்பால் ரெகுலேட்டருக்குள் பனி கட்டி, வால்வு திறந்தபடியே மாட்டிக்கொள்ளலாம். காற்று பீறிட்டுக்கொண்டே இருக்கும். சில நிமிஷத்தில் சிலிண்டர் காலி! குளிருக்கென்றே செய்த ரெகுலேட்டரும், மாற்று ஏற்பாடும் இல்லாமல் இறங்கக் கூடாது.

அடக்கக் கூடாதவை பதினான்கு

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று உண்டு. இயற்கையாக எழும் இந்த வேகங்களை அடக்கினால் நோய் வரும் என்பது விதி. தும்மல், பசி, நீர்வேட்கை, சிறுநீர், தூக்கம் என்று போகும் அந்தப் பட்டியலில் சுவாசமும் ஒன்று.

ஸ்கூபாவின் முதல் விதியும் அதுதான். மூச்சை அடக்காதே! 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய காற்றை வைத்துக்கொண்டு மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்துபோகலாம். "நான் பிராணாயாமம் பழகினவன், ரெண்டு நிமிஷம் தம் கட்டுவேன்" என்ற பெருமை சிலிண்டரோடு இறங்கும்போது உதவாது. கும்பகத்தைக் கரையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

சிறுநீரும் அப்படித்தான். குளிரில் தோல் பக்கத்து ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் உள்பக்கம் திரளும். உடம்பு நீர் கூடிவிட்டதாக நினைத்துச் சிறுநீரைப் பெருக்கும். அந்தத் தொல்லைக்குப் பயந்து சிலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. உடம்பு நீர் வற்றினால், ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது சரியாக வெளியேறாது. குமிழியாகி மூட்டிலும் முதுகுத்தண்டிலும் வலியும் வாதமும் வரக்கூடும். குளிரும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

இதே காரணத்துக்காக, புதுச்சேரியில் முக்குளித்துவிட்டு அன்று ராத்திரியே கொடைக்கானலுக்கோ மூணாறுக்கோ வண்டி ஏறாதீர்கள். உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து குமிழி கட்டும். விமானப் பயணத்துக்கும் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பார்கள். மலைக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சான் தயவு

"மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்" என்பார்கள். மலைத்தேன் எடுக்கக் கயிற்றில் இறங்குபவன், மேலே கயிற்றைத் தன் மனைவியின் அண்ணன் தம்பி கையில்தான் கொடுப்பான். தன் அக்கா தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும் அல்லவா! முத்துக்குளிப்பிலும் இந்த வழக்கம் சொல்லப்படுகிறது.

ஸ்கூபாவில் இதற்கு 'பட்டி' என்று பெயர். ஜோடி இல்லாமல் இறங்கக் கூடாது. குளிர்நீரில் இது இன்னும் முக்கியம். ஏனென்றால் குளிர் முதலில் விரலை மரத்துப்போக வைக்கும், பிறகு புத்தியை. தன் புத்தி மந்தமாவது தனக்கே தெரியாது. பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும். "எனக்குக் குளிருது, மேலே போகலாம்" என்று ஜோடியிடம் வெட்கப்படாமல் சைகை காட்டத் தெரிந்தவனே நல்ல முக்குளிப்பாளன்.

எங்கள் அமராவதி நகரில் 1962-ல் தொடங்கிய சைனிக் பள்ளி இருக்கிறது. படைகளுக்கு அதிகாரிகளை உருவாக்கும் பள்ளி. வீரத்துக்குக் குறைவில்லாத பிள்ளைகள். ஆனால் கடற்படையில் முக்குளிக்க வேண்டுமானால் அவர்களும் கொச்சியில் உள்ள முக்குளிப்புப் பள்ளியில் முறையாகப் பயின்றாக வேண்டும். வீரனுக்கே பாடம் வேண்டியிருக்கிறது என்றால், நமக்கு வேண்டாமா?

சுக்குப் பொடி காப்பாற்றுமா?

காப்பாற்றாது. சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன். சுக்கும் மிளகும் அருமையான மருந்துகள். நாக்கிலும் வயிற்றிலும் சூடு தெரியும். ஆனால் 5 டிகிரித் தண்ணீர் திருடுகிற சூட்டை ஒரு டம்ளர் கஷாயம் ஈடுகட்டாது. பிராந்தி இன்னும் மோசம். தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, உள்ளே இருக்கும் சூட்டையும் வெளியே அனுப்பிவிடும்.

யார் இறங்கக் கூடாது? இதய நோயாளிகள், கட்டுக்குள் வராத ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள். ஆஸ்துமா உள்ளவர்கள் முக்குளிப்பு மருத்துவம் தெரிந்த டாக்டர் பரிசோதித்துச் சம்மதித்தால் மட்டும். குளிர்நீரில் இருக்கும்போது திடீர் மூச்சுத் திணறலும், நுரையோடு இருமலும் வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். ரத்தக் கொதிப்புக்காரர்களுக்கு இது அதிகம். உடனே மேலே வர வேண்டும். பீனிசம், காது அடைப்பு, சளி இருக்கும்போது யாருமே இறங்க வேண்டாம். காதுக்குள் அழுத்தம் சமமாகாமல் செவிப்பறை கிழியலாம்.

உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கியவரை எப்படிக் கவனிப்பது?

* படுக்க வையுங்கள். நடக்கவிடாதீர்கள்.
* ஈரத் துணியைக் களைந்து, துடைத்து, தலையோடு சேர்த்துக் கம்பளியால் போர்த்துங்கள்.
* கை காலைத் தேய்க்காதீர்கள். வெந்நீரில் இறக்காதீர்கள். கை காலில் இருக்கும் குளிர்ந்த ரத்தம் சட்டென்று இதயத்துக்குப் பாயும்.
* நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். இப்போது உங்கள் சுக்குக் காப்பி தாராளமாகக் கொடுக்கலாம்!
* நடுக்கம் நின்றுபோய் ஆள் குழறினால் குணமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். நிலைமை மோசம் என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

நம்ம ஊர்க் கிணற்றடியில்...

"எங்க பிள்ளை வெளிநாடு போகலைங்க, எங்களுக்கு இது எதுக்கு?" என்று புரட்டிவிடாதீர்கள்.

சித்திரை வெயிலில் வியர்த்து வழிய வந்து, கொங்கு நாட்டு ஆழக் கிணற்றில் மேலிருந்து குதிக்கிறார்களே, அந்தப் பையன்களுக்கும் இதே விதிதான். கிணற்றிலும் அணையிலும் மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். சில அடி கீழே போனால் சட்டென்று சில்லிடும். "யாரு ரொம்ப நேரம் தம் கட்டறது?" என்று பந்தயம் வேறு! பந்தயத்துக்கு முன்னால் வேக வேகமாக மூச்சு விட்டு இழுப்பார்கள். அதனால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. மூச்சு விடச் சொல்லி எச்சரிக்கும் கரியமில வாயுதான் குறைகிறது. எச்சரிக்கை வருவதற்குள் மயக்கம் வந்துவிடும். சத்தமே இல்லாமல் பையன் அடியில் கிடப்பான். நன்றாக நீந்தத் தெரிந்த பையன்களுக்குத்தான் இப்படி நேர்கிறது.

1957-ல் கட்டிய எங்கள் அமராவதி அணையில் முதலைகள் இருப்பதால் யாரும் இறங்குவதில்லை என்று நினைக்காதீர்கள். முதலைக்குப் பயப்படாத வீரர்களும் நம்மிடம் உண்டு!

ஆகவே பெற்றோரே, பிள்ளைகளிடம் மூன்றே மூன்று விஷயம் சொல்லுங்கள். குதிக்காதே, படிப்படியாக இறங்கு, மூச்சு சீரான பிறகு நீந்து. தனியாகப் போகாதே. தம் கட்டிப் பந்தயம் வைக்காதே.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் ஒன்று சேர்த்துச் சொல்லுங்கள். குளிர்நீருக்கென்று தனியாகப் பயிற்சி எடு. செலவானாலும் பரவாயில்லை, சரியான உடை வாங்கு. குளிர ஆரம்பித்தால் ஏறி வா. பாதியில் ஏறி வந்தவனை யாரும் கோழை என்று சொல்லக் கூடாது. சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். கடல் அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும். உங்கள் பிள்ளையும் இருக்க வேண்டும் அல்லவா?